புகைப்புரையில கெடந்த ஃபியட் சாமான்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

குழித்துறைக்கும் களியக்காவிளைக்கும் நடுவுல, மெயின் ரோட்டுலேருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்குற ஒரு வீட்டுல நடந்த விஷயம் இது. வீட்டுக்காரங்க பேரு போட வேண்டாம்னு சொன்னதால யார் பேரும் இல்ல. வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் ரப்பர், அதுக்குள்ள ஷீட்டு காயப்போடுற பழைய புகைப்புரை ஒண்ணு. இப்பல்லாம் ரப்பர் பால அப்படியே வித்துடுறாங்க, ஷீட்டு அடிக்கிறது இல்ல, அதனால ஓடு எறங்கிப்போய்க் கெடந்த புரையப் பொளிச்சுட்டு இடத்த சரியாக்கலாம்னு எறங்கினப்போ உள்மூலையில ரெண்டு மரப்பெட்டி, ஒரு தகரப்பெட்டி, ஒரு சாக்குன்னு இரும்புச் சாமானா வெளிய வந்திருக்கு.

ஆக்கர் கடைக்காரர், அதாவது பழைய இரும்பு வாங்குறவரு, வந்து கையால தூக்கிப் பாத்து மொத்தமா ரெண்டாயிரத்துச் சொச்சம் தரேன்னாரு. மகன் சரின்னு சொல்லப் போற நேரத்துல வீட்டுப் பெரியவரு, எழுபத்தெட்டு வயசு, ரிட்டயர்ட் வாத்தியாரு, "அதெல்லாம் இத்தாலி சாமானாக்கும், எங்க அப்பாவுக்க முத ஃபியட்டுல உள்ளது, தொடப்பிடாது"ன்னு நின்னுட்டாரு. மகனுக்கு எரிச்சல். பேத்தி திருவனந்தபுரத்துல நர்ஸா இருக்காங்க, லீவுக்கு வந்த இடத்துல, "யாராவது தெரிஞ்சவங்க வந்து பாத்துச் சொல்லட்டும், அப்புறம் விக்கலாம்"னு நடுவுல பூந்து எங்களுக்கு ஃபோன் போட்டாங்க. எங்களுக்குன்னா எனக்கும், பழைய ஃபியட்டு மோரிஸ்னு முப்பது நாப்பது வருஷமா கைவச்சுட்டு இருக்குற எங்க ஒர்க்‌ஷாப் ஆசானுக்கும்.

கேள்வி மூணு. இதுல எது நெஜமாவே இத்தாலிச் சாமான், எது எந்த வண்டியோடது, எத விக்கலாம் எத வைக்கலாம். கேக்க லேசா இருக்கு. ஆனா நம்ம ஊர்ல ஃபியட்டுன்னா எல்லாமே ஒண்ணுதான்னு ஒரு நெனப்பு இருக்கு, அங்கதான் சிக்கல்.

பம்பாய் குர்லாவுல இருந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், வால்சந்த் ஹீராசந்த் 1944-ல ஆரம்பிச்ச கம்பெனி, 1950-கள்ல ஃபியட் 1100-ஐ இங்க மாட்டி விக்க ஆரம்பிச்சுது. இத்தாலியில 1953-ல வந்த 1100-103 மாடல்தான் அது. ஆரம்பத்துல சாமான் பெட்டி பெட்டியா டூரின்லேருந்து வரும், இங்க மாட்டுவாங்க, அப்புறம் உள்ளூர்லயே செய்யணும்னு அரசாங்கம் நெருக்க நெருக்க ஒவ்வொரு உருப்படியா இங்க செய்ய ஆரம்பிச்சாங்க. அதனால 1950-கள் வண்டியக் கழட்டினா இத்தாலிப் பேரு நெறைய தட்டுப்படும், 1970-கள் வண்டியில லூகாஸ் டிவிஎஸ், மைக்கோன்னு இங்க உள்ள கம்பெனி பேருதான் இருக்கும், ரெண்டும் ஃபியட்டுதான். 1964-ல டிலைட்ங்கிற மாடல் வந்துச்சு, 1974-ல அதே வண்டி பத்மினின்னு பேர் மாறிச்சு, அந்த ஒடம்போடயே 2000 பக்கம் வரைக்கும் ஓடிச்சு. ஒரே வீட்டுல மூணு தலைமொற வண்டி மாறினாலும் எல்லாரும் "எங்க ஃபியட்டு"ன்னுதான் சொல்லுவாங்க, எந்த ஃபியட்டுன்னு கேட்டா முழிப்பாங்க.

போனப்போ கண்டது

மொத நாள் போனப்பவே ஒரு சங்கடம் இருந்துச்சு. பேரன் ஒருத்தன், பத்தாங்கிளாஸ் பையன், ஆர்வத்துல ஒரு மரப்பெட்டி சாமான் முழுக்க டீசல்ல போட்டு கம்பிப் பிரஷ்ஷால தேய்ச்சு வெயில்ல அடுக்கி வச்சிருந்தான். பளபளன்னு இருந்துச்சு, பாக்க அழகு. ஆனா அந்தக் காலத்து மேஸ்திரிங்க சாமான் மேல சாக்குக்கட்டியில எழுதுவாங்க, மஞ்சள் பெயிண்ட்ல பொட்டு வைப்பாங்க, நூல்ல அட்டை கட்டுவாங்க, எது எந்தப் பக்கம் எந்த வண்டின்னு அடையாளம் அதுதான். அந்தப் பெட்டியில அது மொத்தமும் போச்சு. பையனத் திட்டி ஒண்ணும் ஆகப்போறது இல்ல, மத்த பெட்டிகளத் தொடாம இருந்தானே, அதுவே போதும்னு அவனையே ஃபோட்டோ எடுக்கச் சொல்லி வேலையில சேத்துக்கிட்டோம்.

ரெண்டாவது மரப்பெட்டியத் தொறந்தப்போ மூக்குல ஏறுற மாதிரி புளிச்ச வாடை. பால ஒறைய வைக்க ஊத்துற ஃபார்மிக் ஆசிட் கேன் ஒண்ணு பெட்டிக்குப் பக்கத்துலயே வருஷக்கணக்கா ஒழுகிக்கிட்டு இருந்திருக்கு. இரும்புக்குத் துரு சாதாரணமாத்தான் பிடிச்சிருந்துச்சு, எஞ்சின் ஆயிலத் தடவி வச்சிருந்தாங்க போல. அடி வாங்கினது கார்புரேட்டர். அதோட ஒடம்பு துத்தநாகக் கலவையில வார்த்தது, ஆசிட் ஆவி பட்டுப் பட்டு வெள்ளைத் தூள் பூத்து, ஆசான் கட்டைவிரல வச்சு லேசா அமுக்கினதும் ஃப்ளாஞ்ச் ஓரம் பிஸ்கட் மாதிரி ஒடைஞ்சு வந்துச்சு. உள்ள இருந்த பித்தளை ஜெட்டு ரெண்டும் மட்டும் நல்லா இருந்துச்சு, நம்பர் கூட படிக்க முடிஞ்சுது. அந்த நம்பர் ஓட்டையோட அளவு, மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குக் கணக்குல போட்டிருப்பாங்க, 115-ன்னா 1.15 மி.மீ.

கார்புரேட்டர் மேல சோலெக்ஸ்னு இருந்துச்சு. பெரியவர் "பாத்தியளா, இத்தாலி"ன்னாரு. சோலெக்ஸ் பிரெஞ்சுக் கம்பெனி, பல நாட்டுல லைசென்ஸ்ல செஞ்சாங்க, இந்தியாவுலயும் செஞ்சாங்க. பேரு மட்டும் வச்சு எந்த நாட்டுச் சரக்குன்னு சொல்ல வழி இல்ல.

சாக்குல நாலு பழைய பிஸ்டன், தேய்ஞ்சது, ஒண்ணுல ஸ்கர்ட், அதாவது பிஸ்டனோட கீழ்ப்பக்கச் செவரு, கீறல் விட்டிருந்துச்சு. கூடவே கதவுக் கீல், ஹேண்டில், ஒரு டைனமோ, பேரிங் சில.

தகரப்பெட்டிதான் தனி ரகம். உள்ள துணி விரிச்சு ஒழுங்கா அடுக்கியிருந்துச்சு. ஒரு ஸ்பீடோமீட்டர், ஒரு டிஸ்ட்ரிப்யூட்டர், ரெண்டு ஹெட்லைட் வளையம், அப்புறம் நியூஸ்பேப்பர்ல சுத்தி, அதுக்குள்ள மெழுகுத்தாள்ல சுத்தி நாலு பிஸ்டன். புத்தம் புதுசு, ரிங்கு கூட போடாதது, கைரேகை படாத மாதிரி.

பெரியவர்கிட்ட வண்டி வரிசை கேட்டது

இங்க மொத முடிவு எடுக்க வேண்டி வந்துச்சு. ஆசான், சாமான ஒவ்வொண்ணா பெரியவர் கையில குடுத்து "இது எந்த வண்டியோடது"ன்னு கேக்கலாம்னாரு. நான் வேண்டாம்னேன். பழைய சாமான் கையில வந்ததும் வயசானவங்களுக்கு ஒரு கதை தானா வந்துரும், பொய் சொல்ல மாட்டாங்க, ஆனா அந்தப் பொருளுக்கு ஏத்த மாதிரி ஞாபகம் வளைஞ்சு குடுக்கும். அதனால பெட்டிய எல்லாம் மூடி வச்சுட்டு, திண்ணையில உக்காந்து, வீட்டுல இருந்த வண்டி ஒவ்வொண்ணப் பத்தியும் மொதல்ல அவர சொல்ல விட்டோம். பேத்தி நோட்டுல எழுதினாங்க.

மொதல்ல வந்தது மோரிஸ் மைனர், அத "பேபி"ன்னுதான் எல்லாரும் சொன்னாங்களாம், எஸ்டேட் மானேஜர் ஒருத்தர்கிட்டேருந்து செகண்ட்ஹேண்டா வாங்கினது. சாவி போட்டதும் டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் வரும், அது நின்னதுக்கு அப்புறம்தான் அப்பா ஸ்டார்ட் பண்ணுவாருன்னாரு. அது எஸ்.யூ.ங்கிற இங்கிலீஷ் கம்பெனியோட எலக்ட்ரிக் பெட்ரோல் பம்ப் சத்தம், ஃபியட்டுல பம்ப் எஞ்சின் ஓட்டத்துல ஓடுற டயாஃப்ரம் பம்ப், அந்தச் சத்தம் வராது. அவருக்கு இதெல்லாம் தெரியாது, சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கு, ஆனா அந்த ஞாபகம் அத்தன சுத்தமா இருந்துச்சு.

அடுத்தது மொத ஃபியட்டு. "முன் கதவு பொறத்தால தொறக்கும். எங்கள முன்னால இருத்தவே விடமாட்டாரு, ஓட்டத்துல கொளுத்து (தாப்பா) விட்டா காத்து கதவப் பிடிச்சு எறிஞ்சிரும்னு சொல்லுவாரு." 1100-103-ல முன் கதவுக்குக் கீல் நடுத்தூண்ல இருக்கும், அதனால கதவு பின்னாடி பாத்துத் தொறக்கும். டிலைட்ல கீல் முன்னாடி வந்துருச்சு. ஆக இந்த வண்டி டிலைட்டுக்கு முந்தினதுன்னு அவரு வாயாலயே வந்துருச்சு.

இன்னொண்ணும் சொன்னாரு. ரோட்டுக்கல்லு எல்லாம் மைல்ல இருக்கும், வண்டி மீட்டர் கிலோமீட்டர், அப்பா திருவனந்தபுரம் தம்பானூருக்குப் போகும்போது "அஞ்சு மைலுக்கு எட்டு"ன்னு கணக்குப் போட்டு எங்ககிட்ட கேள்வி கேப்பாரு, தப்பாச் சொன்னா குட்டு. நான் அத நோட்டுல கோடு போடச் சொன்னேன்.

வண்டி நம்பர் விஷயத்துல மட்டும் கொழப்பம். 1956 நவம்பர் 1-க்கு முன்னாடி இந்த விளவங்கோடு பக்கம் பூரா திருவிதாங்கூர்-கொச்சியில இருந்துச்சு, கச்சேரி, ஆஸ்பத்திரி, வண்டிக் காரியம் எல்லாம் திருவனந்தபுரம். அதுக்கப்புறம்தான் மதராஸ் மாநிலம். மொத ஃபியட்டுக்குத் திருவனந்தபுரம் நம்பர்னு சத்தியம் பண்றாரு, ஆனா சொல்ற நம்பர் டிலைட்டோட நம்பர், அதுக்கு ஆர்.சி. புக்கு அலமாரியிலயே இருக்கு. பேத்தி எடுத்துக் காட்டினதும் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப அந்த நம்பர் எனக்கு மறந்துபோச்சு"ன்னு ஒத்துக்கிட்டாரு.

மூணாவது டிலைட், புக் பண்ணி வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கினது. நாலாவது பத்மினி, அது இவரே வாங்கினது. இந்த ரெண்டப் பத்தியும் நெறைய பேசினாரு, ஆனா நம்ம பெட்டிக்கு அது தேவைப்படல.

பிரிச்ச விதமும் காரணமும்

அடுத்த முறை போனப்போ சாமானப் பிரிச்சோம். மொதல்ல மரை, அதாவது நட்டு போல்ட்டுல இருக்குற திருகுவரி. ஃபியட்டுல எல்லாமே மில்லிமீட்டர் மரை. மோரிஸ் மாதிரி இங்கிலீஷ் வண்டியில இஞ்சுக் கணக்கு. ஆசான் மார்த்தாண்டத்துல நட்டு போல்ட்டு கடையிலேருந்து 6, 8, 10 மி.மீ. நட்டு புதுசா வாங்கிட்டு வந்தாரு. ஸ்டட்டு மேல நட்ட வச்சு விரலால மட்டும் சுத்தணும், ஸ்பானர் தொடக்கூடாது. மில்லிமீட்டர் மரைன்னா அடி வரைக்கும் தானா எறங்கும். இஞ்சு மரைன்னா ஒண்ணு ஏறவே ஏறாது, இல்ல ரெண்டு சுத்துல இறுகி நின்னுரும், அங்க ஸ்பானர் போட்டுத் தள்ளினா மரையும் போச்சு அடையாளமும் போச்சு. பையன் தேய்ச்சு வச்ச பெட்டிக்கு இந்த வழி ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு, எழுத்து அழிஞ்சாலும் மரை அழியாது. அந்தப் பெட்டியில பாதிக்கு மேல இஞ்சு மரை. அதாவது பெரியவர் இத்தாலின்னு காவல் காத்ததுல பாதி மோரிஸ் சாமான். டிக்கு டிக்கு பம்ப்பும் அதுக்குள்ளதான் கெடந்துச்சு.

பல்சக்கரம் ஒண்ணு, கனமானது, பேரன் "இது ஃபியட் கியர் பாக்ஸ்ல உள்ளது"ன்னு தனியா எடுத்து வச்சிருந்தான். ஆசான் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நேரா புகைப்புரைக்குப் பின்னாடி போனாரு. அங்க ஷீட்டு அடிக்கிற ரோலர் மிஷின் துருப்பிடிச்சு நின்னுச்சு, அதோட ஒரு பக்கம் சக்கரம் இல்ல. போய் மாட்டினாரு, உக்காந்துருச்சு.

மரைக்கு அப்புறம் எழுத்து. இத்தாலிச் சாமான்ல தேட வேண்டிய பேரு கொஞ்சம்தான், தெரிஞ்சு வச்சுக்கிட்டா போதும். டிஸ்ட்ரிப்யூட்டர், காயில் மேல மாக்னெட்டி மாரெல்லி, இது 1919-ல ஃபியட்டும் சேந்து ஆரம்பிச்ச கம்பெனி. மீட்டர் டயல்ல வெலியா, இல்ல வெலியா போர்லெத்தி, அது மிலான். ஹெட்லைட்ல காரெல்லோ, அது டூரின். பேரிங்ல ரிவ். இந்த ரிவ் கம்பெனிய 1965-ல ஸ்வீடன் எஸ்.கே.எஃப். வாங்கிடுச்சு, அதனால பேரிங்ல வெறும் ரிவ்னு இருக்கா, ரெண்டு பேரும் சேந்து இருக்கான்னு பாத்தா காலம் ஓரளவு பிடிபடும். இங்க கெடச்ச மூணு பேரிங்லயும் வெறும் ரிவ்தான்.

ஸ்பீடோமீட்டர் டயல்ல அடியில சின்ன எழுத்துல வெலியா, கணக்கு கிலோமீட்டர். திண்ணையில அவரு சொன்ன "அஞ்சு மைலுக்கு எட்டு" அங்க ஒத்துப்போச்சு. அவரு சொல்லும்போது பெட்டி மூடியிருந்துச்சு, மீட்டர் கண்ணுல படல, அதனாலதான் அந்த சாட்சிக்கு மதிப்பு. ஹெட்லைட் வளையம் காரெல்லோ, டிஸ்ட்ரிப்யூட்டர் மாரெல்லி. கதவுக் கீல் எந்தப் பக்கம்னு பாக்க பெரியவரோட அக்கா கல்யாண ஃபோட்டோ ஒதவிச்சு. கறுப்பு வெள்ளை, வண்டி ஓரமா நிக்குது, முன் கதவு தொறந்து கெடக்குது, ஹேண்டில் முன்னாடி, கீல் பின்னாடி. சாக்குல இருந்த கீலோட வளைவு அதே மாதிரி. அந்த மூட்டை மொத ஃபியட்டோடதுன்னு அங்கேயே முடிவாச்சு.

புது பிஸ்டன்

மிச்சம் இருந்தது தகரப்பெட்டியில இருந்த பிஸ்டன். பெரியவருக்கு இதுதான் பெருமை. மொத ஃபியட்டு ஒரு தடவ மூச்சு முட்டி நின்னுபோச்சு, கொழும்புலேருந்து பிஸ்டன் வரவழைச்சுப் போட்டதுக்கு அப்புறம் குதிர மாதிரி ஓடிச்சு, மிச்சம் ஸ்பேரா வச்சதுதான் இதுன்னு சொன்னாரு.

எனக்கு இடிச்சது ஒண்ணுதான். நாலு சிலிண்டர் வண்டிக்கு நாலு பிஸ்டன். ஒரு செட்டுப் போட்டு மிச்சம் ஒரு முழு செட்டுன்னா ரெண்டு செட்டு வாங்கியிருக்கணும். அந்தக் காலத்துல, கடல் தாண்டி, எவன் ரெண்டு செட்டு வாங்குவான். அதுவுமில்லாம ஸ்பேர் பெட்டிங்கிறது எங்க அனுபவத்துல ரெண்டு வகைச் சாமான் சேர்ற இடம், தேய்ஞ்சு கழட்டினது, இல்ல வாங்கிப் பொருந்தாமப் போனது. பொருந்துற புதுச் சாமான் பெட்டியில தங்காது, என்னைக்காவது வண்டியில ஏறிரும்.

வெர்னியர் வச்சு அளந்தோம். சாக்குல இருந்த பழசு, தேய்மானத்தையும் சேத்துப் பாத்தா 68 மி.மீ. பக்கம். புதுசு 72 மி.மீ. நாலையும் ஸ்கர்ட்ல, பின்னுக்குக் குறுக்கால, ஆசான் ஒரு தடவ நான் ஒரு தடவன்னு அளந்தோம், மாற்றமில்ல.

68 மி.மீ. போரும் (சிலிண்டரோட குறுக்களவு) 75 மி.மீ. ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி எறங்குற தூரம்) சேந்தா நாலு சிலிண்டருக்கு 1089 சி.சி., நம்ம ஊர் 1100 பெட்ரோல் வண்டி எல்லாம், கடைசி பத்மினி வரைக்கும், இந்தக் கணக்குதான். ஸ்ட்ரோக்க மாத்தாம போர மட்டும் 72 ஆக்கினா 1221 சி.சி. அந்த எஞ்சின் இத்தாலியில 1957-லேருந்து வந்த 1200 கிரான்லூச்சேயில இருந்துச்சு, 1962-லேருந்து 66 வரைக்கும் அங்க வித்த 1100டி-யிலயும் அதத்தான் போட்டாங்க. பேரு 1100, உள்ள 1221. அதே 1100டி ஒடம்பு இங்க டிலைட்னு வந்தப்போ எஞ்சின் மட்டும் பழைய 1089-ஆவே இருந்துச்சு. ரீபோர் பண்ணா, அதாவது தேய்ஞ்ச சிலிண்டரக் கடைஞ்சு பெருசாக்கினா, அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் கூடும், நாலு மில்லிமீட்டர் கூட்டுறதுக்கு இந்த ப்ளாக்குல செவரு ஏது. ஆக இந்த செட்டு இந்த வீட்டு ஃபியட்டு எதுலயும் ஏறியிருக்க முடியாது, டிலைட்ல கூட.

சுத்தியிருந்த பேப்பர விரிச்சுப் பாத்தோம். கொழும்பு வீரகேசரி, 1965-ம் வருஷத் தாள். கொழும்புன்னு பெரியவர் சொன்னது சரி. போட்டு ஓட்டினோம்னு சொன்னதுதான் ஒதைக்குது.

பெரியவர்கிட்ட இத உடனே சொல்றதா வேண்டாமான்னு பேத்தி கேட்டாங்க. அளவ மட்டும் சொல்லுவோம், கதை தப்புன்னு நாம சொல்ல வேண்டாம், வேற யாருக்காவது தெரியுமான்னு கேளுங்கன்னேன். பாறசாலையில இருக்குற அக்காவ, எண்பத்துநாலு வயசு, ஒரு ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வந்தாங்க.

அந்தம்மா வண்டி ஓட்டினது இல்ல, எஞ்சின் எங்க இருக்கும்னு கூட கேட்டதில்ல. ஆனா நடந்தது முழுக்கத் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. அவங்க வீட்டுக்காரரோட தம்பி கொழும்புல ஒரு கடையில கணக்கு எழுதிட்டு இருந்திருக்காரு. அப்பா "ஃபியட் 1100-க்குப் பிஸ்டன் ஒரு செட்டு"ன்னு கடுதாசி போட்டிருக்காரு, அவரு அங்க கடையில போயி அப்படியே கேட்டு வாங்கி அனுப்பியிருக்காரு. "வந்து பாத்தா அது குண்டு. நுழையாது. வண்டி அதுக்கப்புறமும் ஓலைக் கொட்டகைக்குள்ள கட்டை மேலதான் நின்னுச்சு, பொறவு மெட்ராஸ்லேருந்து வேற வருத்தித்தான் (வரவழைச்சுத்தான்) போட்டாவ. அப்பா ஒருத்தர்கிட்டயும் சொல்லல்ல, மச்சினனுக்கு மனசு நோகும்னுட்டு. ரூபாயும் போச்சு."

பெரியவர் "உனக்கு வண்டியப் பத்தி என்னட்டீ தெரியும்"னு ஒரே வாக்குவாதம். பெரிய அக்காவ அவரு அப்படிப் பேசினது பேத்திக்குப் பிடிக்கல. ஆசான் ஒண்ணும் பேசாம பழைய பிஸ்டனையும் புதுசையும் தலைகீழாப் பக்கத்துல பக்கத்துல வச்சு, மேல ஒரு ஸ்கேல வச்சு, "அண்ணாச்சி, நீங்களே பாத்துச் சொல்லுங்க"ன்னாரு. வாத்தியாரு இல்லையா, ஸ்கேல வாங்கி அவரே அளந்தாரு. அப்புறம் கோவம் அக்கா மேலேருந்து கொழும்புக் கடைக்காரன் மேல போச்சு.

கடைக்காரன் மேலயும் தப்பு இல்லன்னுதான் நான் நெனைக்கிறேன். அங்க இத்தாலிலேருந்து முழுசா வந்த 1100டி ஓடியிருந்தா, 1100-க்குப் பிஸ்டன்னு கேட்டவனுக்கு 72-தான் எடுத்துக் குடுத்திருப்பான். போர் அளவு கடுதாசியில இருந்திருந்தா இந்தப் பெட்டியே இருந்திருக்காது.

அதுக்கப்புறம் நடந்தது

ஸ்பீடோமீட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், ஹெட்லைட் வளையம், கதவுக் கீல் எல்லாம் கொச்சியில 1100-103 ஒண்ண மறுபடி கட்டிட்டு இருக்குற ஒருத்தருக்குப் போச்சு. ஆக்கர் கடை சொன்ன மொத்த வெலைய விட அந்த மீட்டர் ஒண்ணுக்கே கூடுதலாக் கெடச்சுது, மகன் வாயடைச்சுப் போனாரு. கீல்ல இடப்பக்கம் ஒண்ணு கொறையுதுன்னு கொச்சிக்காரர் அப்புறமா சொன்னாரு, தேடினோம், இல்ல.

எஸ்.யூ. பம்ப்பும் மத்த மோரிஸ் சாமானும் ஆசான் எடுத்துக்கிட்டாரு, அவருகிட்ட மைனர் கஸ்டமர் ஒருத்தர் இருக்காரு. காசு வேண்டாம்னு பெரியவர் சொல்லிட்டாரு, ஆசான் அதுக்குப் பதிலா ரோலர் மிஷின ஓட விட்டுத் தரேன்னு ஏத்துக்கிட்டாரு. கார்புரேட்டர் ஒடம்பத் தூக்கிப் போட்டோம், ஜெட்ட மட்டும் எடுத்து வச்சோம். டைனமோவத் தொறந்து பாத்தா ஆர்மேச்சர் கருகிப் போயிருந்துச்சு, அது மிச்சத் துருவோட சேந்து ஆக்கர் கடைக்கே.

72 மி.மீ. பிஸ்டன வீட்டுலயே வச்சுட்டாங்க. இந்தியாவுல செஞ்ச எந்த 1100-க்கும் ஆகாது, 1200-ஓ, இத்தாலி 1100டி-யோ யாராவது வச்சிருந்தா வாங்குவாங்க, இலங்கையில அப்படி வண்டி இருக்க வாய்ப்பு உண்டு. விக்கலாமேன்னு மகன் கேட்டாரு. பெரியவர் வேண்டாம்னாரு, அது நியாயம்தான், இதுல நம்ம அபிப்பிராயத்துக்கு இடம் இல்ல. அந்த வீரகேசரித் தாள பேத்தி தனியா பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்காங்க.

இனிமே இப்படி ஒரு பெட்டி வந்தா

கழுவுறது கடைசி வேலை. ஃபோன்ல கூப்பிடும்போதே இத சொல்லிடணும்னு வச்சிருக்கோம், நாங்க போறதுக்குள்ள வீட்டுல யாராவது டீசலும் பிரஷ்ஷும் எடுத்துருவாங்க. சுத்தியிருக்குற பேப்பரு, துணி, நூலு எல்லாத்தையும் சாமானோடயே வைக்கச் சொல்றோம். ஆசிட் கேன், உரமூட்டை, பேட்டரி இந்த மூணும் பக்கத்துல இருந்தா மொத வேலையா அத நகத்தச் சொல்றோம், அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் அதுதான் தின்னும்.

பெட்டிய மூடி வச்சுட்டுக் கதை கேக்குறது இப்ப வழக்கமாயிருச்சு, ஆசானும் ஒத்துக்கிட்டாரு. கேக்கும்போது வருஷம் கேக்குறதில்ல, யாருக்கும் வருஷம் நிக்கிறது இல்ல. கதவு எப்படித் தொறக்கும், ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி என்ன சத்தம் கேக்கும், மீட்டர் மைலா கிலோமீட்டரா, கியர் கம்பி ஸ்டியரிங்லயா தரையிலயா, இப்படித்தான் கேக்குறோம். சின்னப் பிள்ளையா பின் சீட்டுல உக்காந்து பாத்ததுதான் அழியாம இருக்கு.

புதுசா சுத்தி வச்ச சாமான் கெடச்சா பேரப் படிக்கிறதுக்கு முன்னாடி அளவெடுக்குறோம். வண்டி ஓட்டாதவங்ககிட்டயும், முக்கியமா வீட்டுப் பொம்பளைங்ககிட்ட, தனியா உக்காந்து கேக்கணும்னு நோட்டுல மேலயே எழுதிட்டோம். வண்டி எத்தன நாள் நின்னுச்சு, ரூபா எவ்வளவு போச்சு, யாருக்கு யாரு மேல வருத்தம்னு அவங்களுக்குத்தான் கணக்கு தெரியுது, அதுலேருந்து எந்தச் சாமான் ஏறிச்சு எது ஏறலன்னு பாதி வந்துருது.